நீ வத்திராயிருப்பில் இருந்தபோது நாங்கள் துலக்கிய கார்

ராசா,

நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம்தான் பாக்கி. வெயில் தாழட்டும், போகலாம் என்று அப்பா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அந்த நேரத்தைப் பிடித்து உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும் போலிருக்கிறது. பொறுமையாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் போனில் நீ பேசினாயே, அதிலிருந்து எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. லீவு கிடைத்துவிட்டது, முகூர்த்தத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிடுவேன் என்றாய். அந்தச் சந்தோஷத்தில் நிற்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டு, கல்யாணம் முடிந்து திரும்பியதும் உன்னைப் பனிமலைப் பக்கம் எல்லைக் காவலுக்கு மாற்றப்போகிறார்கள் என்று சொன்னாய். அதோடு விட்டாயா? உனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற பெண்ணைப் பற்றி, "மாலதிகிட்ட இப்ப மூச்சு விடாதம்மா. சின்னப்பிள்ள, பயந்துபோவா. பொறவு நானே பாத்துக்கிடுதேன்" என்றாய். பக்கத்து வீட்டில் எல்லோரும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் எதையும் பேச முடியாமல் "சரிப்பா" என்று போனை வைத்துவிட்டு வந்தேன். சரி என்று வாய்தான் சொன்னது.

இதே வார்த்தையை நான் ஒரு காலத்தில் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். "சின்னப்பிள்ள, பயந்துபோவான். பொறவு சொல்லிக்கிடலாம்." அந்தப் 'பொறவு' வரவே இல்லை. நீ பத்தாவது முடித்தாய், மீசை முளைத்தது, பட்டாளத்தில் சேர்ந்தாய், இப்போது கல்யாணமே வந்துவிட்டது. நாங்களும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்காக உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கேட்காத பிள்ளைக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நீ அப்போது அஞ்சாம் வகுப்பு. அரைப்பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் உன்னை வத்திராயிருப்பில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அங்கே பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம், பெரியம்மாவுக்கும் துணையாக இருக்கும், தோப்பில் மாங்காய் காய்க்கப்போகிறது என்று என்னவெல்லாமோ சொன்னேன். நீ உன் பையில் புத்தகத்தை எடுத்து வைத்தாய். ஊரில் எத்தனையோ பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிக்க வைக்கிறார்கள். அதுபோல ஒன்று என்றுதான் நீ இன்றுவரை நினைத்திருப்பாய். அல்லது வேறு ஏதாவது நினைத்திருப்பாய். நிஜமான காரணம் இது.

உன் அப்பா வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்க ஸ்ப்ரே கன் பிடித்த காலத்தில் இராஜபாளையத்தில் அவருக்கு நல்ல பேர். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் நம் பெயிண்ட் செட்டுக்கு லாரியும் வேனும் வரிசைகட்டி வரும். செட்டுக்குப் பின்னால்தான் நம் ஒற்றை அறை வீடு என்பது உனக்கு நினைவிருக்கும். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பார், அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் அந்தத் துண்டை நான் அலசினால், அன்றைக்கு என்ன கலர் அடித்தார் என்று வாளித் தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடலாம். துண்டில் தங்கியதே இம்புட்டு என்றால் உள்ளே போனது எம்புட்டு இருக்கும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை. இருமல் வந்தது. சளி என்று நினைத்தோம், பனி என்று நினைத்தோம். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. ஒருநாள் கைக்குட்டையை என்னிடம் காட்டாமல் மடித்துப் பைக்குள் வைத்தார். பிடுங்கிப் பார்த்தேன். ரத்தம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "டி.பி.யா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சளியை மதுரைக்கு அனுப்பி, கிருமி வளருதான்னு பாக்கணும். அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் மாத்திரையை விட்டுறாதீங்க. வீட்டுல சின்னப்பிள்ளை இருந்தா தனியா வைங்க. பெயிண்ட் புகை மட்டும் இனிமே ஆகவே ஆகாது" என்றார். அந்த ஒற்றை அறையில் உன்னை எங்கே தனியாக வைப்பது?

உன்னை பஸ் ஏற்றிய அன்று அப்பா வரவில்லை என்றுதான் உனக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து நீ ஒருதரம் செட்டு இருக்கிற திசையைப் பார்த்தாய்; அழவில்லை. ஆனால் அவர் வந்திருந்தார், ராசா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை ஓரத்தில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, உன் கண்ணில் படாமல் நின்றிருந்தார். பக்கத்தில் வந்தால் உன்னைத் தூக்காமல் இருக்க முடியாது, தூக்கினால் மூச்சு உன் மேல் படும் என்று பயம். பஸ் திரும்பி மறையும்வரை நின்றார். நான் பெரியம்மா வீட்டில் உன்னை விட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், உன் பழைய சட்டை ஒன்றை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இருமலை ஊரிலிருந்து மறைக்க முடியுமா? யாரோ ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்திருக்கிறார்கள். வண்டி விட வந்தவர்கள் வேறு செட்டைத் தேடிப் போனார்கள். நான் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியில் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவள் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நைசாக நகர்ந்து உட்கார்ந்தாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். அவளுக்கும் கைப்பிள்ளை இருந்தது. நம் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலோடு பேசிவிட்டு, "இப்பத்தான் குடிச்சேன்" என்று தண்ணீரைக்கூட மறுத்துவிட்டுப் போனார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கார் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இரும்புக் கடை வைத்திருந்த மைதீன் ராவுத்தர் அதைக் கொச்சிப் பக்கம் ஒரு எஸ்டேட் முதலாளி வீட்டிலிருந்து வாங்கி வந்திருந்தார். வெளிநாட்டுக் கார். அம்பாசிடர் வந்து நின்றாலே வேடிக்கை பார்க்கிற நம் தெருவில் அது வந்து நின்றபோது, பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். உள்ளே தோல் சீட்டு, தேக்கு மாதிரி பளபளக்கிற மரப்பலகை. கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்தியதுபோல் அடக்கமான ஒரு சத்தம். உள்ளே அவ்வளவு அழகு. வெளியேதான் பார்க்கச் சகிக்கவில்லை. உப்புக்காற்றும் வெயிலும் தின்று, பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். விரலால் தொட்டால் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டதுபோல் ஒட்டியது.

"மக நிக்காஹ் சித்திரையில வச்சிருக்கேன் பெயிண்டரே. மாப்பிள்ளை இந்த வண்டியிலதான் வரணும்னு எனக்கொரு ஆசை. பழசு அம்புட்டையும் சுரண்டி எறிஞ்சுட்டு வெள்ளை அடிச்சுக் குடுத்துருங்க" என்றார் ராவுத்தர். வெளியூர்க்காரர், நம் வீட்டு விஷயம் அவர் காதுக்குப் போகவில்லை. அப்பா காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "வண்டி நிக்கட்டும் பாய். நாளைக்கு வாங்க, சொல்லுதேன்" என்று அனுப்பிவைத்தார்.

அன்று எங்களுக்குள் பெரிய சண்டை. "ஒரே ஒரு வண்டிட்டி. இதை முடிச்சுட்டு கன்னைத் தூக்கிப் போட்டுருதேன்" என்றார். "அந்த ஒரு வண்டியோட புகை போதும், உங்களைத் தூக்கிப் போடுறதுக்கு" என்றேன். அவர், "பெயிண்டர்னா கன்னு பிடிக்கணும். அது இல்லேன்னா நான் யாருட்டி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. உலை வைக்கப் போய்விட்டேன்.

காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். சரி, பிடிவாதமாக அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்து, பேசாமல் வேலைக்குக் கிளம்பினேன். "ஏட்டி, இங்க வா. வந்து பாரு" என்று கூப்பிட்டார். டிக்கி மூடியின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு, 'வாட்டர் பேப்பர்' என்கிற உப்புத்தாளில் தேய்ந்துபோன ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, பாலீஷ் போட்டு வைத்திருந்தார். முற்றின கறிவேப்பிலையின் மேல்பக்கம் எப்படி இருக்கும், அந்தக் கரும்பச்சை. அதற்குள் என் முகம் தெரிந்தது. என் முகத்துக்குப் பின்னால் அவர் முகம். "இது சாகலட்டி. மேலதான் செத்துருக்கு, உள்ள உசுரோட இருக்கு" என்றார். ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

ராவுத்தர் வந்ததும் அந்த மூலையைக் காட்டி, "பாய், இதுக்குப் புதுப் பெயிண்ட் வேண்டாம். கம்பெனிக்காரன் அடிச்ச பெயிண்டே இருக்கு. கையால தேச்சு எடுத்துத் தாரேன்" என்றார். ராவுத்தர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பெயிண்டரே பெயிண்ட் அடிக்கமாட்டேன்னா எப்படிப்பா? என்ன விசயம்?" என்று கேட்டார். வியாபாரி அல்லவா, ஆள் முகத்தைப் படித்துவிடுவார். ஏதாவது சாக்குச் சொல்லுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். அப்பா சாக்குச் சொல்லவில்லை. "எனக்கு நெஞ்சு சரியில்ல பாய். டி.பி.யா இருக்குமோன்னு பாத்துக்கிட்டிருக்காக. இன்னும் தெரியல. கன்னைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காக. வேற செட்டுக்குக் கொண்டுபோறதுன்னா இந்தாங்க சாவி" என்று நீட்டினார்.

ராவுத்தர் சாவியை வாங்கவில்லை. பெஞ்சைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "தங்கச்சி, ஒரு டீ போடுதியாம்மா?" என்றார். வீட்டில் கண்ணாடி டம்ளர்கூடக் கிடையாது. நாங்கள் தினமும் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரில்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வாய் வைத்து, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "தேச்சா முழுசும் வந்துருமா?" என்று கேட்டார். "வந்துரும் பாய்." "நிக்காஹுக்கு முன்னால?" "வந்துரும்." "அப்பத் தேயிங்க" என்று எழுந்து போய்விட்டார். அவர் போன பிறகு அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மனுஷர் ஒருத்தர் நம் வீட்டில் வாய் வைத்துக் குடித்தார் என்பதற்காக அழுகிற நிலைமையில் நான் இருந்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது வேலை. நான் கம்பெனியிலிருந்து வந்ததும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவரோடு நின்றுவிடுவேன். வாட்டர் பேப்பரை வாளியில் ஊறவைத்து, தண்ணீர் ஓட ஓடத் தேய்க்க வேண்டும். தண்ணீர் ஓடுவதால் தூசி எழும்பாது, புகையும் கிடையாது, சிரமமெல்லாம் கைக்குத்தான். பச்சைத் தண்ணீராக வடியும். அப்படி வடிந்தால் பெயிண்டும் கொஞ்சம் போகிறது என்று அர்த்தம். கூடத் தேய்த்தால் அடியில் முதலில் பூசியிருக்கிற பிரைமர் தெரிந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஓரங்களில் எல்லாம் டேப் ஒட்டிவிட்டு, "வட்டமாத் தேய்க்காத, நேராத் தேயி. கையை அழுத்தாத. தேச்சது போதுமான்னு தண்ணியை வழிச்சுவிட்டு ஒவ்வொரு தடவையும் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அடுத்தது ரப்பிங் காம்பவுண்ட் என்கிற பசையை வைத்துத் துலக்குவது. முதலில் பஞ்சு வேஸ்ட்டால் செய்து பார்த்தார். மயிரிழை மயிரிழையாகக் கீறல் விழுந்தது. எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் கறை பட்டதென்று கழிக்கிற கேஜ் துணியை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்து, நன்றாக அலசிக் காயவைத்துக் கொடுத்தேன். "புண்ணுக்குக் கட்டுற துணியாட்டி?" என்றார். "புண்ணுக்கே உறுத்தாதது உங்க பெயிண்டுக்கு உறுத்திருமாக்கும்?" என்றேன். பல மடிப்பாக மடித்தால் உள்ளங்கையில் மெத்தைபோல் உட்காரும். அதற்குப் பிறகு ஒரு கீறல் விழவில்லை. மேஸ்திரி மட்டும் என்ன, எதற்கு என்று கேட்காமல் வாராவாரம் ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்காததும் ஒரு உபகாரம்தான்.

பானெட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் செய்கிற வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்ததே கிடையாது. கை ஓடுகிற தாளத்தில் பேச்சும் ஓடும். பெரும்பாலும் உன் பேச்சுதான். "இந்நேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பான்" என்பார். "பெரியம்மா சுண்டல் அவிச்சு வச்சிருப்பா" என்பேன். ஒரு கதவு முடிந்தது. அடுத்த கதவு முடிந்தது. இருமல்கூடக் கொஞ்சம் அடங்கியது. கஷ்டகாலம் என்று சொன்னால் அந்த மாதங்களைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ராசா, அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாரம் தவறாமல் இல்லாவிட்டாலும், முடிந்த ஞாயிற்றுக்கிழமையெல்லாம் நான் வத்திராயிருப்புக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அப்படி ஒருநாள் நான் கிளம்பும்போது பஸ் வருகிற இடம்வரை கூடவே வந்தாய். "அப்பா ஏன் வரவே மாட்டேங்காக?" என்று கேட்டாய். "வேலைப்பா, பெரிய கார் ஒண்ணு வந்திருக்கு" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்பாவுக்கு என் மேல கோவமா? நான் அன்னைக்கு தின்னர் டின்னைத் தட்டி விட்டேன்ல, அதுக்கா?" என்று கேட்டாய். எந்த டின், என்றைக்கு என்று எனக்கு நினைவே இல்லை. நீ மட்டும் அதை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்று சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்து இறங்கினால், செட்டிலிருந்து, கன்னுக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசர் ஓடுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பின் மட்கார்டின் விளிம்பில், முன்னே யாரோ அரைகுறையாக வேலை பார்த்த இடத்தில், அப்பா தேய்த்தபோது பச்சை போய் வெற்றிலை அகலத்துக்குப் பிரைமர் தெரிந்துவிட்டது. நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. கரும்பச்சையைக் கலந்து ஊற்றி, கன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டே ரெண்டு இழுப்புட்டி. துண்டு கட்டிக்கிடுதேன்" என்றார். எனக்குக் கத்த வரவில்லை. "அவன் கேக்கான், அப்பாவுக்கு என் மேல கோவமான்னு. தின்னர் டின்னைத் தட்டிவிட்டதுக்காக அவனை அங்க விட்டுட்டோமாம். நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்?" என்றேன்.

அவர் கன்னைப் பெஞ்சின் மேல் வைத்தார். போய் கம்ப்ரசரை நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லிருவோமாட்டி அவன்கிட்ட? உள்ளதைச் சொல்லிருவோம்" என்றார். அப்போதுதான் நான் சொன்னேன்: "வேண்டாம். சின்னப்பிள்ள, பயந்துபோவான்." அவர் சொல்லத் தயாராகத்தான் இருந்தார், ராசா. தடுத்தது நான்.

அந்தக் காயத்தைக் கன் இல்லாமல்தான் ஆற்றினார். சின்ன பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு வாட்டர் பேப்பரால் சமப்படுத்துவது, மறுபடி ஒரு பூச்சு. சுற்றியிருக்கிற பழைய பச்சையோடு அது கலந்து மறையும்வரை செய்துகொண்டே இருந்தார். கம்ப்ரசரை அந்த வாரமே விற்றுவிட்டார். நான் விற்கச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தைப் பிள்ளைகள் சும்மா விட்டுவைப்பதில்லை; தாங்களாக ஒரு காரணத்தைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் நிஜத்தைவிட மோசமான காரணமாகவும், தங்கள் தப்பாகவும் இருக்கிறது. மாலதி பிள்ளை இல்லை, படித்த பெண். ஆனால் புது வீட்டுக்கு வருகிற பெண்ணும் அப்படித்தான். நீ முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினால், என்னைப் பிடிக்கவில்லையோ, நான் என்ன செய்தேனோ என்றுதான் முதலில் நினைப்பாள். உன் அப்பா டி.பி.யாக இருக்கலாம் என்று முன்பின் தெரியாத ராவுத்தரிடம் சொன்னார், ராவுத்தர் பயப்படவில்லை. ஒருவேளை உள்ளுக்குள் பயந்திருக்கலாம், பயந்துகொண்டே டீ குடித்திருக்கலாம். மாலதிக்கும் அந்த வாய்ப்பைக் கொடு. தாலி கட்டுவதற்கு முன்னால் சொல். பயந்தால் பயப்படட்டும். பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து நீயும் கொஞ்சம் பயப்படு. தப்பில்லை.

கார் முடிகிற சமயத்தில் மதுரையிலிருந்து ரிசல்ட் வந்தது. கிருமி வளரவில்லை. டி.பி. இல்லை, இத்தனை வருஷப் பெயிண்ட் புகை நெஞ்சைப் புண்ணாக்கியிருக்கிறது, புகையை விட்டுவிட்டால் மிச்ச நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். "அப்பக் கூட்டிட்டு வந்துருவோம்" என்றார்.

ராவுத்தர் வந்து காரைப் பார்த்த அன்று தலைத்தொப்பியைக் கழற்றிவிட்டு, பானெட்டில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து மறுபடி சரியாக வைத்துக்கொண்டார். அப்பா அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய், "பாய், இந்த விளிம்புல தேய்க்கும்போது பெயிண்ட் போயிருச்சு. பிரஷ்ஷால எடுத்திருக்கேன்" என்று காட்டினார். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தும் இடம் தெரியவில்லை. "நீங்க சொல்லலேன்னா எனக்கு ஆயுசுக்கும் தெரிஞ்சிருக்காதேப்பா" என்று சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "தங்கச்சி, பாதி வேலை நீ பாத்தியாமே. வண்டியில ஏறு. முதல் ஓட்டம் எங்க போகணும், சொல்லு" என்றார். கோவிலுக்கு, கடைவீதிக்கு என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். "வத்திராயிருப்புக்குப் போகணும் பாய். என் பிள்ளை அங்க இருக்கான்" என்றேன்.

அந்தக் காரைப் பார்த்து வேலை வேலையென்று அப்பாவைத் தேடி வந்தார்கள். அம்பாசிடர், பழைய வெளிநாட்டுக் கார், மில் முதலாளிகளின் வண்டி என்று எல்லாம் கன் இல்லாத பெயிண்டரிடம் வந்தன. பொலிவு போன வண்டிக்குப் பொலிவு கொடுக்கிறவர் என்று இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்வரை அவருக்குப் பேர். நீ படித்தது, நாம் வீடு கட்டியது எல்லாம் அந்தக் கேஜ் துணியில்தான். ராவுத்தருக்கும், என் அக்காவுக்கும், அந்த மேஸ்திரிக்கும் நான் எத்தனை ஜென்மம் நன்றி சொன்னாலும் போதாது. உன் அப்பாவுக்கு நான் நேரில் இதுவரை சொன்னதில்லை. கன்னைக் கீழே வைத்தாரே, அதற்கு. ஆனால் எல்லாரையும்விட உனக்குத்தான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனென்று சொல்கிறேன்.

பெரியம்மா வீட்டு வாசலில் கார் நின்றதும் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிவந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள். நீ மட்டும் காரைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கிய அப்பாவைப் பார்த்துக்கொண்டு தள்ளியே நின்றாய். அவர் கையை நீட்டினார். நீ வரவில்லை. பெரியம்மா பையைக் கட்டிக் கொடுத்து, உன்னை வண்டியில் ஏற்றினாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சுருங்கி உட்கார்ந்திருந்தாய். ஊர் எல்லை தாண்டிய பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டாய்: "திரும்ப எப்ப என்னைய இங்க கொண்டாந்து விடுவீக?"

ஓட்டிக்கொண்டிருந்த ராவுத்தர் கண்ணாடி வழியாக ஒருதரம் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டார். அப்பா உன்னை அப்படியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீ விறைப்பாகத்தான் இருந்தாய், கொஞ்ச தூரம். அப்புறம் உன் தலை மெதுவாக அவர் நெஞ்சில் சாய்ந்தது. அந்த நெஞ்சு விசில் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். ஒன்றும் கேட்காமல் அதன் மேலேயே தூங்கிப்போனாய். ஏன் விட்டீர்கள், ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. பத்து வயசில் நீ எங்களை மன்னித்த அழகு அது. அதற்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

செட்டு வாசலில் கார் நின்றபோதும் நீ விழிக்கவில்லை. அப்பா இறங்கவில்லை. கல்யாண வீட்டு வேலை அத்தனையும் கிடக்க, ராவுத்தர் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். "எழுப்பட்டுமா பாய்?" என்றேன். "தூங்கட்டும்மா. எனக்கென்ன அவசரம்?" என்று வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டார். நீயாக விழித்த பிறகு அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பத்து வயசுப் பிள்ளையை, அந்த நெஞ்சோடு, மூச்சு வாங்க வாங்கத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். "எறக்கி விடுங்கப்பா, நான் நடப்பேன்" என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். அவர் இறக்கவே இல்லை.

உன்னை வாசலில் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா